முழிச்ச படம்

"அப்ப அவ்வளவு பேருக்கும் முன்னாடியே தெரியும். இல்லையா?"

"என்ன தெரியும்க்கா?"

"எம் பிள்ள செத்துப்போகும்னு."

சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே அரங்கில் இரண்டு பேர் ஏணி போட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுதான வந்திருக்காங்க? தெரிஞ்சேதான டிக்கெட்டு எடுத்திருக்காங்க?"

"ஆமாக்கா."

"நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாடியே கீழ இருந்து ஒருத்தன் சொல்லுதான். 'எந்திரிட்டி, வெயில் தாந்துட்டு'ன்னு. பெறவு எல்லாரும் சேந்து சொல்லுதாங்க. அது அந்த நிமிசம் எம் மனசுல வந்த வார்த்தை, தாயி. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச வசனம்க்கா."

"வசனமா?" என்றாள் அவள். முகத்தில் கோபம் இல்லை. தெரியாத ஊரின் பெயரைக் கேட்டவள் போல அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கேட்டவள் பெயர் பொன்னுத்தாய். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். பாதங்கள் உப்பில் ஊறி வெளுத்து வெடித்திருந்தன. அவள் இருந்தது புரொஜெக்டர் அறையின் சுவரில் பொருத்திய சிறிய திரைக்குள். ஐம்பது வருடத்துக்கு முன்பு வெளிவந்த 'உப்பளத்து வெயில்' படத்தின் நாயகி அவள். தூத்துக்குடி மணிமகுடம் தியேட்டரில் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குப் பொன்விழா. சுகிர்தா அந்தத் தியேட்டரின் ஆபரேட்டர்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து, வண்ணம் கூட்டி, மறுபடி வெளியிடுவது மக்களுக்கு எப்போதோ அலுத்துப்போயிருந்தது. அதன் பிறகுதான் சென்னையில் ஒரு கம்பெனி 'விழிப்புப் பிரதி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு படத்தின் ஒவ்வொரு பிம்பத்தையும், வெட்டி எறியப்பட்ட துண்டுகளையும், திரைக்கதையின் கைப்பிரதியையும் எந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அது படித்து முடித்ததும் கதாபாத்திரங்களுக்கு மனம் வந்தது. படம் ஓடும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அந்தக் கதையைப் புதிதாக வாழ்ந்தார்கள். வசனம் மாறாது, கதை மாறாது, ஆனால் கண்கள் உயிரோடு இருக்கும். விளம்பரத்தில் விழிப்புப் பிரதி என்று போட்டார்கள். ஊரில் எல்லோரும் முழிச்ச படம் என்றார்கள்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவர்களின் நினைவு தானாகத் துடைக்கப்பட்டுவிடும். அடுத்த காட்சிக்கு முன்னால் ஆபரேட்டர் அந்தச் சின்னத் திரையில் அவர்களைக் கூப்பிட்டு, பேர் என்ன, ஊர் என்ன, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும். படம் சம்பள நாளில் ஆரம்பிக்கிறது. எனவே பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டு, "இன்னைக்குச் சம்பளம்லா, பிள்ளைக்கு ரிப்பன் வாங்கணும்" என்று சொல்வாள். அப்படிச் சொன்னால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

இன்று காலை சுகிர்தா கேட்டபோது பொன்னுத்தாய் ரிப்பன் பற்றிப் பேசவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை நடந்தது ரசிகர் காட்சி. இந்த ஊரில் அந்தப் படத்தைப் படமாக யாரும் நினைப்பதில்லை. உப்பளத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் கூட்டத்தில் பாதி. வாசலில் பொன்னுத்தாய்க்குக் கட்டவுட் வைத்து, பாலுக்குப் பதில் கல்லுப்பைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். "பால் ஊத்துனா எறும்பு வரும், உப்பு கொட்டுனா திருஷ்டி கழியும்" என்று சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கில் விளக்கம் சொன்னார். தியேட்டர் முதலாளி ஞானராஜ் அண்ணாச்சி, "கழியுறது சரி, தரையைக் கழுவுறது யாரு வே?" என்று அவரிடம் கேட்டார்.

இடைவேளை வரை படம் சிரிப்பும் பாட்டுமாகப் போகும். பொன்னுத்தாய்க்கும் அவள் மகள் பேச்சிக்கும் நடக்கும் சின்னச் சின்னச் சண்டைகள், ரிப்பன், உப்பள முதலாளியான அளக்காரருக்குத் தெரியாமல் கருவாடு சுடுவது. இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வரும். வெயிலுக்குப் பயந்து குடிசைக்குள் ஒளிந்திருக்கும் பேச்சியைப் பொன்னுத்தாய் எழுப்பி, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து மோர் வாங்கிவரச் சொல்வாள். "வெயில் தாழட்டும்மா" என்பாள் பேச்சி. "நடந்தா தாந்திரும், போ" என்பாள் அம்மா. உப்பு ஏற்றிய லாரி பின்பக்கமாக வரும். அதன் பிறகு பொன்னுத்தாய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்திகளின் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். பின்னணி இசை கிடையாது. கடைசியில் ஒரு வரப்பில் உட்கார்ந்து, மகளின் கன்னத்தைத் தட்டி, அந்த ஒரு வரியைச் சொல்வாள்.

அரங்கம் அவளுக்கு முன்னால் அதைச் சொன்னது. சொல்லிவிட்டு அழுதது. பிறகு பால்கனியில் யாரோ கத்தினார்கள்: "ஒன்ஸ் மோர்!"

பாட்டுக்குக் கேட்பார்கள். சண்டைக்குக் கேட்பார்கள். சுகிர்தா அந்த அறைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பாட்டுகளைத் திரும்பப் போட்டிருக்கிறாள். ஒரு சாவுக்குக் கேட்டது அன்றுதான். ஆனால் கூட்டம் முழுவதும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது. செல்போன் விளக்குகள் திரையிலிருந்து திரும்பிப் புரொஜெக்டர் அறையின் ஜன்னலைப் பார்த்தன. அந்த வெளிச்சம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் கணினியில் படத்தின் நேரக் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்து, தூக்குச்சட்டியைக் கொடுக்கும் இடத்தில் விட்டாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

படம் முடிந்து இறங்கிப் போனவர்கள் ரெண்டாவது தடவை இன்னும் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அதைக் கேட்டு அவள் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

*

"ஒன்ஸ் மோரா?" என்றான் கிரிதர். கம்பெனியின் இன்ஜினியர். போனில் அவன் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது. "அது பாட்டுக்குத்தானே கேப்பாங்க? டெத் சீனுக்கா?"

"கேட்டாங்க சார். போட்டேன்."

மெல்லுவது நின்றது. "எப்படிப் போட்டீங்க?"

"இழுத்துதான். எப்பவும் போல."

"அய்யோ." கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். "சுகிர்தா, படத்தை நீங்க இழுத்தா படம் பின்னாடி போகும். அவங்க பின்னாடி போக மாட்டாங்க. அவங்களுக்கு அது நடந்து முடிஞ்சது. முடிஞ்சு, திடீர்னு மறுபடி குடிசைல நிக்கிறாங்க. கையில தூக்குச்சட்டி. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படம் முடிஞ்சதும் தானாத் துடைக்கும்னீங்களே."

"துடைக்கும். ஆனா அது படத்தோட நேரத்தை வச்சுத் துடைக்குது. படத்துல அந்தச் சீன் ஒரு தடவைதான் இருக்கு. நீங்க ரெண்டாவது தடவை ஓட்டுனது அதோட கணக்குலயே இல்ல. அதுல கணக்கு குழம்பி, அன்னைக்கு நடந்தது முழுசும் அப்படியே தங்கிருச்சு. தியேட்டர்ல யாராவது சாவைத் திருப்பிப் போடச் சொல்லுவாங்கன்னு நாங்க யோசிக்கல."

"அவங்க தடுக்கப் பாத்தாங்களாம் சார். அனுப்பாம இருக்கப் பாத்தேன், வாய் தானாப் பேசிட்டுன்னு சொல்லுதாங்க."

"ஆமா. கதையை விட்டு விலகினா பழைய ஒலி வந்து மூடிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கோம். இல்லைன்னா எல்லாப் படமும் வேற படமாயிரும்ல?" குரலைத் தணித்தான். "முழுத் துடைப்பு ஒண்ணு இருக்கு. உங்க கேபின்லயே செய்யலாம். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியோ இடைவேளையிலயோ. ஓடிட்டிருக்கும்போது முடியாது. நாளைக்குக் காலைல நான் கூப்பிடறேன். அதுவரைக்கும் எதுவும் தொடாதீங்க."

"பாப்பா?"

"எந்தப் பாப்பா?"

"பேச்சி."

"குழந்தைகளை நாங்க எழுப்பறதில்ல. பேப்பர்லயே போட்டிருந்தோம். அது வெறும் படம்."

போனை வைத்தபின் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுகிர்தா பிடித்துக்கொண்டாள். ஆறுதல் என்று சொல்ல அவளிடம் ஏதாவது இருந்தது என்றால் அது ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு வலிக்கவில்லை. அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? நீ சுமந்துகொண்டு நடந்தது உன் மகளை அல்ல, வெறும் வெளிச்சத்தை என்று சொன்னால் அது ஆறுதலா?

அவள் சொல்லத்தான் முயன்றாள். "அக்கா, பேச்சிக்கு அது தெரியாதுக்கா. அவளுக்கு ஒண்ணுமே..."

"தெரியும்," என்றாள் பொன்னுத்தாய்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"மொதத் தடவை சட்டியைக் குடுத்ததும் வாங்கிக்கிட்டு ஓடிட்டா. ரெண்டாவது தடவை சட்டியோட சேத்து என் கையைப் புடிச்சா. கொஞ்ச நேரம் விடல."

சுகிர்தா வெள்ளிக்கிழமைக் காட்சியின் பதிவை எடுத்து ஓடவிட்டாள். கிராமத்துத் திருவிழாவிலும் டிவியிலும் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தக் காட்சியில் பேச்சியின் இரட்டைச் சடையில் எந்தப் பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். முதல் முறை: சட்டி, ஓட்டம். இரண்டாம் முறை: சட்டியின் பிடிக்கு மேலே ஏறி, அம்மாவின் இரண்டு விரல்களைச் சுற்றிக்கொண்ட ஒரு சின்னக் கை. பிறகு அதே ஓட்டம்.

மறுபடி கிரிதரைக் கூப்பிட்டாள். பதிவை அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். அவன் அதைப் பார்க்கும் வரை காத்திருந்தாள்.

"எழுப்பாமத்தான் முதல்ல செஞ்சோம்," என்றான் கடைசியில். "அம்மா அழுகை எடுபடவே இல்ல. பொம்மையைக் கையில வச்சு அழற மாதிரி இருந்துச்சு. ரிலீஸ் தேதி வந்துருச்சு. நான் மட்டும் முடிவு பண்ணல சுகிர்தா." சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா," என்றான். எதற்காக அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாதது போல உடனே போனை வைத்துவிட்டான்.

*

பொன்னுத்தாயிடம் துடைப்பைப் பற்றிச் சொன்னது சுகிர்தாதான். மறைக்க மனம் வரவில்லை.

"மறந்துருவேனா?"

"ஆமாக்கா. நடந்தது எதுவும் இருக்காது. சம்பள நாளுதான் இருக்கும்."

"மறந்தா மறுபடி நானே அவளை எழுப்பி அனுப்புவேன்லா? அவ வெயில் தாழட்டும்னு கெஞ்சக் கெஞ்ச."

"உங்களுக்குத் தெரியாதுல்லாக்கா அப்ப."

"ஒனக்குத் தெரியுமே."

சுகிர்தா தலை குனிந்தாள். மேசையில் நேற்றைய தேநீர்க் கோப்பை இருந்தது. அதன் அடியில் உறைந்திருந்த பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கோவத்துல சொல்லல," என்றாள் பொன்னுத்தாய். "நீ நல்ல பிள்ளதான். மொகத்தைப் பாத்தாத் தெரியுது. ஆனா கேளு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு மணி அடிக்குமே, விளக்கு எரியுமே, எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்களே."

"இடைவேளை."

"அது வரைக்கும் நாங்க நல்லாத்தான இருக்கோம்? சண்டை போடுதோம், சிரிக்கோம், கருவாடு சுட்டுத் திங்கோம். அதோட நிறுத்திரு. அந்த வந்தவங்ககிட்ட, இம்புட்டுத்தான் கதைன்னு சொல்லிரு. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான. மிச்சத்தை வீட்டுல போயி அவங்களே நெனைச்சுக்கிடட்டும்."

"பாக்கேன்க்கா," என்றாள் சுகிர்தா.

முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் சொல்லும் சொல் அது. உப்பளத்தில் வேலை செய்த பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் பொன்னுத்தாய் அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டவள் போலத் தலையாட்டினாள்.

ஞானராஜ் அண்ணாச்சி தோரணக்காரர்களிடம் கத்தி முடித்துவிட்டு மேலே வந்தபோது சுகிர்தா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் சின்னத் திரையைத் திரும்பிப் பார்க்காமல் கதவோரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

"பாதிப் படம் பாக்கவா பிள்ளே பொன்விழா எடுக்கோம்? இடைவேளையோட நிறுத்துனா ஸ்கிரீனைக் கிழிச்சிருவானுவ. உப்புத் தொழிலாளர் சங்கம் பால்கனி முழுசும் எடுத்திருக்கு. பொன்னுத்தாயா நடிச்ச அந்தம்மா மதுரவல்லி வீல் சேர்ல ரயிலேறி வாரா. அவளை உக்கார வச்சுக்கிட்டு, 'மன்னிக்கணும், மிச்சத்தை நெனைச்சுக்கிடுங்க'ங்கவா?"

"அண்ணாச்சி, அவங்களுக்கு வலிக்கி."

"அதான் சொல்லுதேன், துடைச்சிரு. தாயி, மகள், ரெண்டு பேரையும். அதுதான் நாம செய்யக்கூடிய புண்ணியம்." கதவைத் திறந்தவர் நின்றார். "நாம என்ன புதுசாவா கொன்னோம்? அம்பது வருசமா அந்தப் பிள்ள செத்துக்கிட்டுத்தான இருக்கு. நானே எத்தனை தடவை விசிலடிச்சிருக்கேன்."

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகு அவர் முகம் மாறியது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கிரிதர் கூப்பிட்டான். குரல் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் யாரோ நின்று கேட்பது போல.

"வெள்ளிக்கிழமை ரசிகர்கள் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போயிருச்சு சுகிர்தா. மேல இருக்கிறவங்க பார்த்தாங்க. அந்த ரெண்டாவது தடவை..." அவன் நிறுத்தினான். "அந்த மாதிரி ஒரு முகத்தை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லைங்கறாங்க. அதனால இப்போதைக்குத் துடைக்க வேண்டாமாம்."

"என்னது?"

"இன்னைக்கு அப்படியே ஓட்டச் சொல்றாங்க. நல்லா வந்தா இனி வர்ற பொன்விழாக்கள் எல்லாத்துக்கும், தெரிஞ்சே வாழற மாதிரி..."

"சார், உங்களுக்குப் பொண்ணு இருக்குன்னீங்க."

"என்னைச் சொல்லச் சொன்னதை நான் சொல்லிட்டேன். துடைக்கிற பட்டன் உங்க கேபின்லதான் இருக்கு. அதை இங்கேருந்து யாரும் பூட்டல. நான் பூட்டல," என்றான். கடைசி இரண்டு சொற்களை மெதுவாகச் சொன்னான்.

நடிகை மதுரவல்லி மதியம் வந்தார். எண்பதைத் தாண்டியவர். வெள்ளைத் தலை, மெல்லிய பட்டுப்புடவை. மேடைக்குப் போகும் முன் அறையைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு பேர் தாங்க மாடி ஏறி வந்தார். சின்னத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

பொன்னுத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "யாரு இந்த ஆச்சி? எங்க ஆத்தா சாயல்ல இருக்கு."

"தூரத்துச் சொந்தம்," என்றார் மதுரவல்லி.

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டுமா?"

"இல்லைம்மா. உன் மகதான்."

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வராந்தாவில் கொண்டுவந்து உட்கார வைத்ததும் சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரே டேக். டைரக்டர் கட் சொன்னதும் அந்தக் குட்டி கண்ணைத் தொறந்து, வடை இருக்கான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். நான் நாற்காலியில உக்காந்து டீ குடிச்சேன். கண்ணுல போட்ட மருந்து எரிஞ்சுது, அதைக் கழுவுனேன். அவ்வளவுதான் எனக்கு அந்தக் காட்சி." அவர் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் அம்பது வருஷமா எல்லாரும் என் கால்ல விழறாங்க, எப்படிம்மா அழுதீங்கன்னு. கம்பெனிக்காரங்க வந்து முகத்தைக் கேட்டாங்க. கிழவி முகத்துக்கு இன்னும் கிராக்கி இருக்கேன்னு சந்தோஷமாக் குடுத்தேன். எனக்கு கட் சொல்ல ஒரு ஆள் இருந்தாரு. அவளுக்கு யாரு இருக்கா?"

சுகிர்தாவுக்கு அந்தக் கை மிகவும் லேசாக இருந்தது.

"நான் இடைவேளையோட கிளம்பிரட்டுமாம்மா? முதலாளிகிட்ட சொல்லு. வயசாயிருச்சு, மாத்திரை போடணும்னு," என்றார் மதுரவல்லி. பிறகு தானே, "வேண்டாம். நான் உக்காந்து பாக்கணும். கடைசி வரைக்கும்," என்றார்.

*

படம் ஆரம்பித்தது. காட்சிக்கு முன்னால் சுகிர்தா எதையும் துடைக்கவில்லை. இடைவேளையில் செய்துகொள்ளலாம் என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள். ஒருவேளை நிறுத்திவிடலாம். ஒருவேளை மின்சாரம் போகும். ஒரு முடிவை இன்னொரு அரை மணிக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் நினைப்பதையெல்லாம் அவளும் நினைத்தாள்.

அரங்கம் முதல் பாதி முழுக்கச் சிரித்தது. ஆனால் அது வேறு முதல் பாதியாக இருந்தது. ரிப்பன் கட்டும் இடத்தில் பொன்னுத்தாயின் விரல்கள் முடிச்சைப் போட்டு முடித்த பிறகும் மகளின் தலையை விடவில்லை. கருவாடு சுடும்போது அவள் தன் பங்கையும் பேச்சியின் தட்டிலேயே வைத்தாள். வசனம் அதேதான். "தின்னு தின்னு, எலும்பா இருக்க." கூட்டம் அந்த வரியைச் சேர்ந்து சொல்லிச் சிரித்தது. முன்வரிசையில் மதுரவல்லி மட்டும் சிரிக்கவில்லை. மேலிருந்து பார்த்தபோது அவருடைய வெள்ளைத் தலை அசையாமல் இருந்தது.

மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. திரையில் பெரிய எழுத்தில் இடைவேளை என்று விழுந்தது. கூட்டம் முறுக்குக்கும் காபிக்கும் எழுந்து போனது. யாரோ ஒருவன் போகிற போக்கில் ஜன்னலைப் பார்த்து, "அக்கோவ், இன்னைக்கும் ஒன்ஸ் மோர் உண்டுல்லா?" என்று கேட்டான். அவன் நண்பர்கள் கைதட்டினார்கள்.

சுகிர்தா துடைப்புக்கான பக்கத்தைத் திறந்து வைத்தாள். பொன்னுத்தாய், பேச்சி. இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கம்பெனி வேண்டாம் என்கிறது. அண்ணாச்சி இரண்டையும் அழுத்தச் சொல்கிறார். பொன்னுத்தாய் ஒன்றையும் அழுத்தாமல் படத்தையே நிறுத்தச் சொல்கிறாள். அவளால் மூன்று பேருக்கும் நல்லவளாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய அதே கை இப்போது மேசையில் கிடந்தது. அதை அவள் யாருடையதோ போலப் பார்த்தாள்.

சின்னத் திரையில் ஏதோ அசைந்தது.

குடிசைக்குள் பொன்னுத்தாய் படுத்திருந்தாள். தூங்கிவிட்டிருந்தாள். முதல் பாதி முழுவதும் ஒவ்வொரு கணமும் மகளைக் கண் எடுக்காமல் பார்த்த களைப்பு. தூக்கத்திலும் அவள் ஒரு கை பாயில் எதையோ தேடுவது போல விரிந்திருந்தது. அந்தக் கையிலிருந்து தன்னை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்ததுபோல, பேச்சி திரைக்கு மிக அருகில் வந்து நின்றாள். ஆறு வயது இருக்கும். மூக்கு நுனியில் உப்புத்தூள்.

"அக்கா, நீங்கதான் ஆபரேட்டரு அக்காவா?" மிகத் தாழ்ந்த குரல். அம்மா எழுந்துவிடக் கூடாதே என்ற குரல்.

சுகிர்தா தலையாட்டினாள்.

"அம்மை உங்ககிட்டப் பேசுனதை எல்லாம் கேட்டேன். நான் தூங்கல. கண்ணை மட்டும் மூடிருந்தேன்."

"பேச்சி..."

"அம்மை என் கையை விடவே மாட்டேங்கு. மொதல்லாம் கருவாட்டுக்கு என்கூடச் சண்டை போடும். எனக்கு அது பிடிக்கும். இன்னைக்குப் பூராத்தையும் எனக்கே குடுத்துட்டு. எனக்குத் தொண்டையில எறங்கல." அவள் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். "நீங்க நிறுத்துனாலும் அம்மை இப்படித்தான் இருக்கும். என்னையப் பாத்துக்கிட்டே. எப்ப லாரி வருமோன்னு."

கீழே முதல் மணி அடித்தது. காபிக் கோப்பைகளோடு ஆட்கள் இருக்கைக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று சுகிர்தா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

பேச்சி யோசித்தாள். உண்மையான பதிலைச் சொல்ல விரும்பும் குழந்தைகள் யோசிப்பது போல, கீழ் உதட்டைப் பற்களால் பிடித்துக்கொண்டு.

"லாரி வரும்போது கொஞ்சம் பயம். ஆனா அது சட்டுனு முடிஞ்சிரும்க்கா. பெறவு எனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மைதான் என்னைத் தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கணும். காலெல்லாம் வெடிச்சிருக்கு, உப்பு ஏறும்."

இரண்டாவது மணி அடித்தது. விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன. அரங்கின் பேச்சுச் சத்தம் தணிந்து, ஒரு பெரிய மூச்சாக மாறிக் காத்திருந்தது. சுகிர்தாவின் விரல் மேசைக்கும் கட்டத்துக்கும் நடுவில் நின்றது.

பேச்சி இன்னும் நெருங்கி வந்தாள். அவள் மூச்சில் திரை மங்கியது.

"எங்கம்மைய மட்டும் மறக்க வச்சிருங்கக்கா. என்னைய விட்டுருங்க. ரெண்டு பேருல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்லா?"